இருநூறாவது விற்பனை

டெல்பர்ட்: …வேண்டாம் அம்மணி, கார் வாரண்டி எல்லாம் எனக்கு வேண்டாம். காரே வேண்டாம்னு ஆயிடுச்சு.

மார்லா: நான் வாரண்டி விக்கல.

டெல்பர்ட்: அப்ப முட்டிக்குப் பட்டையா? போன வாரம் ஒருத்தி முட்டிப் பட்டை இனாம்னு கூப்பிட்டா. எத்தனை முட்டிக்குன்னு கேட்டேன். வச்சுட்டா.

மார்லா: கோவாரிக் ஐயா, நான் எதையும் விக்கக் கூப்பிடல. இனிமே உங்களுக்கு விக்க முடியாதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.

டெல்பர்ட்: இது புதுசா இருக்கே.

மார்லா: மாண்டானாலேருந்து பேசறேன். பியூட் ஊர். பழைய டிராக்டர் சாமான் விக்கற மார்லா. மார்லா ஹார்கின்.

டெல்பர்ட்: அந்த மார்லா பட்டறையில ஒரு பூனை உண்டு. அதுக்கு எத்தனை கால்?

மார்லா: மூணு.

டெல்பர்ட்: இல்லாதது எது?

மார்லா: பின்னங்கால். இடது. போதுமா, கைரேகையும் வைக்கணுமா?

டெல்பர்ட்: போதும், போதும். மார்லாவா… உங்க குரல் இப்படி இருக்கும்னு நினைக்கல.

மார்லா: எப்படி இருக்கும்னு நினைச்சீங்க?

டெல்பர்ட்: நீங்க அனுப்பற சீட்டுல எழுத்து குண்டு குண்டா இருக்கும். குரலும் அப்படித்தான்னு…

மார்லா: இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கறேன். நீராவியில தொண்டை வெந்து போச்சு. ஆமா, நம்பரைப் பாத்ததும் நான்தான்னு தெரியலையா?

டெல்பர்ட்: எந்த நம்பர்?

மார்லா: …ஒண்ணும் இல்ல. விடுங்க.

டெல்பர்ட்: மூணு வருஷமா நானும் உங்களுக்கு ஆர்டரோட ரெண்டு வரி எழுதறேன், நீங்களும் உறைக்குள்ள ஒரு சீட்டு வைக்கறீங்க. ஆர்டர்ல குடுத்த செல் நம்பருக்கு போன் வந்தது இன்னிக்குத்தான். என்ன ஆச்சு? அனுப்பின வாஷர் எதையாவது திருப்பிக் கேக்கப் போறீங்களா?

மார்லா: வரி விஷயம்.

டெல்பர்ட்: வரியா? வாங்கற ஒவ்வொரு வாஷருக்கும் கட்டறேனே. பில்லுலயே பிடிச்சுக்கறாங்க.

மார்லா: பிடிக்கறது நான் இல்ல. அந்த இணையச் சந்தைக்காரங்க. உங்ககிட்ட வாங்கி, உங்க நெப்ராஸ்காவுக்கு அவங்களே கட்டிடறாங்க. என் கைக்கு வர்றதே இல்ல.

டெல்பர்ட்: அப்ப உங்களுக்கு என்ன வலி?

மார்லா: எண்ணிக்கை. உங்க மாநிலத்துக்குள்ள வருஷத்துக்கு இருநூறு விற்பனை போச்சுன்னா, நான் அங்க பேர் பதியணும். சந்தை வழியா போனதும் அந்தக் கணக்குல சேரும். பதிஞ்சுட்டேன்னா, சந்தைக்குப் போகாம நேரா எனக்கு போன் பண்ணி வாங்கறாங்க பாருங்க, அவங்ககிட்ட நானே வரி வாங்கி நானே அனுப்பணும். ஒண்ணுமே விக்கலைன்னாலும் சுழியம்னு எழுதி அனுப்பணும்.

டெல்பர்ட்: ஒண்ணும் நடக்கலைங்கறதை எழுதி அனுப்பணுமா?

மார்லா: ஆமா.

டெல்பர்ட்: அந்த வேலைக்கு நான் சரியான ஆளு. சரி, இப்ப எத்தனையில நிக்குது?

மார்லா: நூத்தித் தொண்ணூத்தொம்பது. அதுல நூத்தி நாப்பத்தி மூணு நீங்க.

டெல்பர்ட்: மிச்சம் அம்பத்தாறு யாரு?

மார்லா: அதுவா இப்ப முக்கியம்?

டெல்பர்ட்: இல்ல… இந்த மாநிலத்துல இன்னும் அம்பத்தாறு பைத்தியம் இருக்கான்னு பாத்தேன்.

மார்லா: சிரிக்காதீங்க. நான் தூங்கியே நாளாச்சு. எங்க மாநிலத்துல விற்பனை வரிங்கறதே கிடையாது. பொறந்ததுலேருந்து சாமான் மேல என்ன விலை ஒட்டியிருக்கோ அதை நீட்டிட்டு வந்துடுவேன். ஒரு தடவை பக்கத்து மாநிலம் ஐடஹோவுக்குப் போனேன். ஒரு டாலர்னு எழுதியிருந்த சோப்புக்கு ஒரு டாலர் குடுத்தேன். கடைப்பொண்ணு இன்னும் ஆறு காசுன்னா. எழுதியிருக்கறது ஒரு டாலர், எதுக்கு ஆறு காசுன்னு நான் மல்லுக்கு நின்னேன். பின்னாடி நின்ன ஆள் ஆறு காசை வச்சுட்டு, "மாண்டானாவா?"ன்னு கேட்டான்.

டெல்பர்ட்: நெத்தியில எழுதியிருந்தது போல.

மார்லா: அந்தத் திமிர்தான். நான் உக்காந்திருக்கற ஊர்ல வரி இல்ல, அப்ப எனக்கும் இல்லன்னு மூணு வருஷம் இருந்துட்டேன். சரக்கு போய் இறங்கற ஊருக்குத்தான் வரின்னு எனக்கு யாரு சொன்னா?

டெல்பர்ட்: யாரு சொன்னா?

மார்லா: எங்க ஊர்ல கணக்கு எழுதற ஒருத்தன். துணி வெளுக்கற இடத்துல கூட வேலை பாக்கறவளோட தம்பி. எத்தனை மாநிலத்துக்கு அனுப்பறேன்னு கேட்டான். நாப்பத்தாறுன்னேன். ஒரு கும்பிடு போட்டுட்டு, காகிதத்தை எல்லாம் என் பக்கமே தள்ளிட்டான். அப்புறம் நானே உங்க தலைநகர் லிங்கனுக்கு போன் போட்டேன்.

டெல்பர்ட்: வரி ஆபீசுக்கா? தைரியசாலிதான்.

மார்லா: அங்க ஒரு பொம்பளை. பாவம், பொறுமையா பேசினா. நான் விக்கறது ஒத்தை வாஷர், ஒத்தை ஆணி, ஒண்ணே முக்கால் டாலர் சாமான்னு சொல்லிப் பாத்தேன். சட்டத்துக்கு வாஷரும் ஒண்ணுதான், முழு டிராக்டரும் ஒண்ணுதான், ரெண்டும் ஒரு விற்பனைம்மான்னா.

டெல்பர்ட்: லிங்கன்ல இருக்கறவங்களுக்கு ரெண்டையும் தூக்கிப் பாத்துப் பழக்கம் இல்ல.

மார்லா: அவளைச் சொல்லி என்ன? அவ எழுதின சட்டமா?

டெல்பர்ட்: அதுவும் சரிதான். …சரி அம்மணி. புரிஞ்சுது. நிறுத்திடறேன்.

மார்லா: நிறுத்தச் சொல்லலையே.

டெல்பர்ட்: விக்க முடியாதுன்னு நீங்கதானே ஆரம்பிச்சீங்க.

மார்லா: ஒண்ணொண்ணா விக்க முடியாதுன்னு… சேத்து வாங்கலாம். பத்து சாமானை ஒரே ஆர்டரா.

டெல்பர்ட்: நூத்தித் தொண்ணூத்தொம்பதுல நிக்குது. பத்தைச் சேத்துக் கேட்டாலும் இருநூறுதானே?

மார்லா: …ஆமா.

டெல்பர்ட்: அப்ப நிறுத்தறதுதான்.

மார்லா: ஜனவரி பொறந்தா எண்ணிக்கை மறுபடி ஒண்ணுலேருந்து வரும்.

டெல்பர்ட்: இது நவம்பர் பாதி.

மார்லா: ஒண்ணரை மாசம்தான்.

டெல்பர்ட்: எழுபத்தொம்பது வயசுக்காரன்கிட்ட ஜனவரிங்கறீங்க. ம். பாப்போம்.

மார்லா: அப்படிப் பேசாதீங்க.

டெல்பர்ட்: உள்ளதைச் சொன்னேன். …வேற ஒண்ணும் இல்லியே?

மார்லா: வச்சுடாதீங்க. …அங்க பனி ஆரம்பிச்சாச்சா?

டெல்பர்ட்: காலையிலேருந்து. கார் நிறுத்தற இடம் பூரா வெள்ளை.

மார்லா: கார் நிறுத்தற இடமா?

டெல்பர்ட்: களம். களத்தைச் சொன்னேன்.

மார்லா: பின்னாடி யாரோ பேசறாங்களே.

டெல்பர்ட்: டிவி. …உங்க பக்கம் என்ன சத்தம்? எதையோ மெல்றீங்க.

மார்லா: பேஸ்டி. மாவுக்குள்ள கறியும் உருளைக்கிழங்கும் வச்சு வேக வைப்பாங்க. எங்கப்பா சுரங்கத்துக்குள்ள கொண்டு போவாரு. அவரு போய் முப்பது வருஷம் ஆச்சு, நான் இன்னும் நின்னுக்கிட்டேதான் தின்னறேன், வேலைக்குச் சங்கு ஊதிடுவாங்கங்கற மாதிரி.

டெல்பர்ட்: உக்காந்து தின்னுங்க.

மார்லா: எதிர்ல யாரு இருக்கா, உக்கார? …ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்.

டெல்பர்ட்: கேளுங்க.

மார்லா: உங்ககிட்ட எத்தனை டிராக்டர்?

டெல்பர்ட்: …மூணு. நாலு.

மார்லா: மூணா, நாலா?

டெல்பர்ட்: ஒண்ணு ஓடாது. அதை எண்ணறதா வேண்டாமான்னு…

மார்லா: நிறம்?

டெல்பர்ட்: என்ன நிறம்?

மார்லா: மார்ச்ல பச்சை டிராக்டருக்கு கிளட்ச் ஸ்பிரிங் வாங்கினீங்க. ஏப்ரல்ல சிவப்புக்கு காட்டர் பின். மறுபடி பச்சைக்கு. எங்க மாமா இந்தப் பட்டறையை நாப்பது வருஷம் வச்சிருந்தாரு. பச்சை ஒரு கம்பெனி, சிவப்பு ஒரு கம்பெனி, உங்க பக்கம் ஒரே களத்துல ரெண்டு நிறம் நிக்காதுன்னு சொல்வாரு. பச்சைக்காரன் வீட்டுல சிவப்புக்காரன் பொண்ணு எடுக்க மாட்டானாம்.

டெல்பர்ட்: எடுப்பான். கல்யாணத்துக்கு வர மாட்டான்.

மார்லா: நீங்க எந்த நிறம்?

டெல்பர்ட்: பொறந்ததுலேருந்து சிவப்பு.

மார்லா: அப்ப பச்சைக்கு ஏன் நாப்பது சாமான்?

டெல்பர்ட்: உங்க கடையில சிவப்பு தீந்து போச்சு. எனக்கு வாங்க வேற இல்ல.

மார்லா: ஓடற டிராக்டர் ஒண்ணாவது இருக்கா?

டெல்பர்ட்: இல்ல. ஆறு வருஷம் முன்னாடி ஏலம் போட்டாச்சு. எல்லாத்தையும்.

மார்லா: எல்லாத்தையுமா?

டெல்பர்ட்: ஏலத்துக்கு வந்த அத்தனை பேரும் தெரிஞ்ச முகம். என் வண்டி மேல என் கண்ணு முன்னாலயே ஏறி உக்காந்து, முடுக்கிப் பாத்து, புகை கறுப்பா வருதுன்னு ஒருத்தன் என்கிட்டயே வந்து சொல்றான். மாதாகோயில் பொம்பளைங்க ஒரு மேஜை போட்டு ஆப்பிள் பை வித்தாங்க. நானும் ஒரு துண்டு வாங்கித் தின்னேன். நல்லாத்தான் இருந்துது. சாயங்காலம் மூணரைக்கெல்லாம் களத்துல டயர் தடம்தான் இருந்துது.

மார்லா: அப்ப நான் அனுப்பினதெல்லாம்?

டெல்பர்ட்: காபி டப்பாவுல. வகை பிரிச்சு வச்சிருந்தேன். நீங்க அனுப்பின தேதியோட.

மார்லா: நூத்தி நாப்பத்தி மூணும்?

டெல்பர்ட்: இந்த வருஷத்துதானே அது. மொத்தம் முந்நூறுக்கு மேல.

மார்லா: வண்டி இல்லாத மனுஷனுக்கு முந்நூறு வாஷர்…

டெல்பர்ட்: வாஷர் மட்டும் இல்ல. ஆணி, ஸ்பிரிங்…

மார்லா: எதுக்குன்னு கேக்கறேன்.

டெல்பர்ட்: …எங்க பக்கம் ஒரு வழக்கம் அம்மணி. சும்மா யார் வீட்டுக்கும் போக மாட்டோம். கடப்பாரை கேக்கப் போவோம். அப்புறம் கடப்பாரையைத் திருப்பிக் குடுக்கப் போவோம். நடுவுல வாசல்ல நின்னு மழையைப் பத்தி ரெண்டு வார்த்தை. கையில ஒண்ணும் இல்லாம போய்க் கதவைத் தட்டினா, யாரோ செத்துட்டாங்கன்னு அந்த வீட்டுப் பொம்பளை உக்காந்துடுவா.

மார்லா: அதனால வாஷர்.

டெல்பர்ட்: ஒண்ணே முக்கால் டாலர்ல ஒரு கடப்பாரை.

மார்லா: சீட்டுக்காகவா?

டெல்பர்ட்: பூனைக்காகன்னு வச்சுக்கங்களேன். ஒரு வாரம் அதுக்குச் சளின்னு எழுதியிருந்தீங்க. அந்த வாரம் நாலு ஆர்டர் போட்டேன்.

மார்லா: ஞாபகம் இருக்கு.

டெல்பர்ட்: இருக்கும்ல. சரி, இப்ப நான் ஒண்ணு கேக்கறேன்.

மார்லா: ம்.

டெல்பர்ட்: ஒரே நாள்ல மூணு ஆர்டர் போட்டிருக்கேன். மூணையும் ஒரே உறையில போட்டிருந்தா தபால் கூலி மிச்சம். நீங்க மூணு உறை அனுப்புவீங்க. மூணுலயும் சீட்டு.

மார்லா: ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி உறை. அது என் முறை.

டெல்பர்ட்: மத்த அம்பத்தாறு பைத்தியத்துக்குமா?

மார்லா: அவங்களுக்கு ஒண்ணாப் போட்டு அனுப்பிடுவேன்.

டெல்பர்ட்: சீட்டு?

மார்லா: நன்றின்னு ரப்பர் ஸ்டாம்பு இருக்கு. குத்திடுவேன்.

டெல்பர்ட்: ம்.

மார்லா: 'ம்'முன்னா என்ன அர்த்தம்?

டெல்பர்ட்: ஒண்ணும் இல்ல. 'ம்'.

மார்லா: காலையில நாலு மணிக்கு வேலைக்குப் போறேன். அந்த மெஷின் சத்தத்துல யாரும் பேச முடியாது, கையைக் காட்டிக்குவோம். பன்னெண்டுக்கு வெளிய வந்தா தபால் ஆபீஸ். அங்க ஒரு ஆள் இருந்தான், எடை போட்டு, "இன்னிக்கும் நெப்ராஸ்காவா"ன்னு கேப்பான். அவனை எடுத்துட்டு ஒரு மெஷினை வச்சுட்டாங்க. பொட்டலத்தை வைக்கவும்ங்குது. நன்றிங்குது. அப்புறம் பட்டறை. பூனை. படுக்கை. போதுமா?

டெல்பர்ட்: வீட்டுக்காரர்?

மார்லா: டகோட்டா பக்கம் எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போனான். வேலை முடிஞ்சு கிணத்தை மூடி ஏழு வருஷம் ஆச்சு. அவன் வரல.

டெல்பர்ட்: தேடலையா?

மார்லா: எங்க இருக்கான்னு தெரியும். தேட என்ன இருக்கு?

டெல்பர்ட்: சரிதான்.

மார்லா: சரி, உங்களுக்கும் வேலை இருக்கும். நான்…

டெல்பர்ட்: எனக்கு என்ன வேலை. ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு. அதைத் தீத்துட்டு வைங்க.

மார்லா: என்ன?

டெல்பர்ட்: நான் ஆர்டர் போட்டு நாலு வாரம் ஆச்சு. அக்டோபர் பதினெட்டுக்கு அப்புறம் ஒரு ஆணி வாங்கல. நிறுத்தினவனைக் கூப்பிட்டு நிறுத்துன்னு ஏன் சொல்றீங்க?

மார்லா: …

டெல்பர்ட்: பேஸ்டி தொண்டையில மாட்டிக்கிச்சா?

மார்லா: கடைசியா அனுப்பின உறை வந்துதா?

டெல்பர்ட்: …வந்துது.

மார்லா: சீட்டு?

டெல்பர்ட்: படிச்சேன்.

மார்லா: படிச்சும் பதில் இல்ல.

டெல்பர்ட்: வழக்கமா எழுதறதுதானேன்னு… பூனை, குளிர்…

மார்லா: அதுல பூனையைப் பத்தி எழுதல.

டெல்பர்ட்: கண்ணாடி சரியில்ல எனக்கு. நம்பர் மாத்தணும்.

மார்லா: கோவாரிக் ஐயா, சங்கடமா இருந்தா சங்கடம்னு சொல்லிடுங்க. நான் கல்யாணப் பொண்ணு இல்ல, அழுதுட மாட்டேன். எழுதினது தப்புன்னு பட்டிருந்தா அதையும் சொல்லுங்க. நாலு வாரமா அதேதான் ஓடிக்கிட்டிருக்கு. துணியை மடிக்கறேன், அதே நினைப்பு.

டெல்பர்ட்: என்ன எழுதினீங்க?

மார்லா: படிச்சேன்னீங்களே.

டெல்பர்ட்: உங்க வாயால கேக்கணும்.

மார்லா: என் போன் நம்பர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை இல்ல, கூப்பிடலாம், எதுவும் வாங்க வேண்டாம்னு எழுதினேன். அவ்வளவுதான். ஒட்டினதுக்கப்புறம் பிரிச்சு எடுக்கப் பாத்தேன். பசை பிடிச்சுக்கிச்சு. மெஷின் வேற பொட்டலத்தை வைக்கவும், வைக்கவும்னு கத்துது. வச்சுட்டேன்.

டெல்பர்ட்: எதுவும் வாங்க வேண்டாம்னா எழுதினீங்க?

மார்லா: ஆமா.

டெல்பர்ட்: நல்ல சீட்டு அது.

மார்லா: அப்ப ஏன் நிறுத்தினீங்க? நான் சீட்டாலதான்னு நினைச்சேன். அப்புறம், அது இல்ல, ஆளே போயிட்டாருன்னு நினைச்சேன். உங்க மாவட்டப் பத்திரிகை இணையத்துல வருது. வாரா வாரம் சாவு அறிவிப்பு பாத்தேன். மூணு கோவாரிக் செத்திருக்காங்க. அதுல ஒருத்தரும் நீங்க இல்ல.

டெல்பர்ட்: பெரிய குடும்பம் நாங்க. சாவுக்குத்தான் கூடுவோம்.

மார்லா: கேட்டதுக்குப் பதில்.

டெல்பர்ட்: …செப்டம்பர்ல நீங்களே ஒரு சீட்டுல எழுதினீங்க. உங்க மாநிலம் நூத்தி எம்பதைத் தொட்டுடுச்சு, இருநூறு ஆனா என்னை வரி ஆபீஸ்ல கட்டிப் போட்டுடுவாங்கன்னு. இன்னிக்கு நீங்க சொல்ற வரைக்கும் அது எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. எனக்கு என்னத்துக்கு வாஷர்? ஒரு பொம்பளை ஒத்தையில பிழைக்கறா, அவ தலையில இதை வேற வைக்கணுமான்னுதான்…

மார்லா: அதுக்காகவா?

டெல்பர்ட்: அதுக்காகத்தான்.

மார்லா: அட மனுஷா.

டெல்பர்ட்: என்ன?

மார்லா: இருநூறு போன மாசமே முடிஞ்சு போச்சு. அக்டோபர் கடைசியில உங்க மாநிலத்து ஒமாஹாக்காரர் ஒருத்தர் ரேடியேட்டர் மூடி வாங்கினாரு. அதுதான் இருநூறு. மறுநாளே நான் லிங்கன்ல பேரைப் பதிஞ்சுட்டேன். இதோ, அனுமதிச் சீட்டு வந்து சுவத்துல ஒட்டியிருக்கு. என் பேர்ல எழுத்துப்பிழையோட.

டெல்பர்ட்: இப்பதான் நூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னீங்க.

மார்லா: ஆமா. சொன்னேன்.

டெல்பர்ட்: பொய்யா?

மார்லா: அந்த ஒமாஹாக்காரரை எண்ணலைன்னா நூத்தித் தொண்ணூத்தொம்பதுதான். பின்ன எதைச் சொல்லிக் கூப்பிடறது? உசுரோட இருக்கீங்களான்னு கேக்கவா? கையில ஒண்ணும் இல்லாம கதவைத் தட்டறது உங்க ஊர்ல மட்டும்தான் ஆகாதா?

டெல்பர்ட்: …

மார்லா: சிரிக்கறீங்களா?

டெல்பர்ட்: இல்ல. கொஞ்சம் பொறுங்க. …மூக்கு.

மார்லா: துடைச்சுக்கங்க. அவசரம் இல்ல.

டெல்பர்ட்: அப்ப இனிமே வாங்கலாமா நான்?

மார்லா: இருநூறும் ஒண்ணுதான், ஆயிரமும் ஒண்ணுதான். தாண்டற வரைக்கும்தான் பயம். இன்னிக்கு ராத்திரியே ஆர்டர் போடுங்க.

டெல்பர்ட்: கம்ப்யூட்டர் இல்ல. கெட்டுப் போச்சு.

மார்லா: எப்பலேருந்து?

டெல்பர்ட்: அது ஆச்சு ஒரு மாசம்.

மார்லா: போகட்டும். இப்ப என்கிட்டயே சொல்லுங்க. எழுதிக்கறேன். ஆனா ஒண்ணு, இது சந்தை வழியா போகாது. நேர் விற்பனை. வரியை நான்தான் உங்ககிட்ட வாங்கணும். இந்த அம்பத்தாறு வயசுல நான் ஒரு மனுஷன்கிட்ட வாங்கற முதல் வரி.

டெல்பர்ட்: எனக்குப் பெருமைதான்.

மார்லா: இருங்க, பேனா… இந்தப் பூனை வேற. எறங்கு. ஆங், என்ன வேணும்?

டெல்பர்ட்: என்ன இருக்கு?

மார்லா: என்ன இல்ல? மாமா முப்பத்தெட்டு டப்பா வச்சுட்டுப் போயிருக்காரு.

டெல்பர்ட்: வாஷர்.

மார்லா: என்ன அளவு?

டெல்பர்ட்: எதுவானாலும்.

மார்லா: முக்கால் அங்குலம். எத்தனை?

டெல்பர்ட்: ஒண்ணு.

மார்லா: ஒண்ணு. …பேர், டெல்பர்ட் கோவாரிக். முகவரி?

டெல்பர்ட்: உங்ககிட்ட இருக்கே.

மார்லா: இருக்கு. ஆனாலும் கேக்கணுமாம். அந்த லிங்கன் பொம்பளை படிச்சுப் படிச்சுச் சொன்னா. பொட்டலம் எந்த வாசல்ல இறங்குதோ அந்த எடத்து வரியாம். உங்க பண்ணை ஊர் எல்லைக்கு வெளியன்னா மாநில வரி அஞ்சரை மட்டும். ஊருக்குள்ளன்னா ஊர் வரியும் மேல சேரும். தப்பா எழுதினா என் கையெழுத்து. அதனாலதான். பண்ணைன்னே போட்டுடறேன், சரியா?

டெல்பர்ட்: …

மார்லா: கோவாரிக் ஐயா? டிவியைக் கொஞ்சம் குறைங்க, யாரோ சாப்பாடு சாப்பாடுன்னு கத்தறாங்க, ஒண்ணும் கேக்கல. பண்ணைதானே?

டெல்பர்ட்: …ஊர் வரியையும் சேத்துக்கங்க அம்மணி. வடக்கு மூணாம் வீதி, மாவட்ட முதியோர் இல்லம், அறை பதினாலு. அக்டோபர் இருபதுலேருந்து இங்கதான். அந்தச் சீட்டு என் கைக்கு வரவே இல்ல, மறுபடி எழுதி வைங்க.